ஓய்வு நாளுக்கு ஒரு கேமரா: ரிக்கோ ஜிஆர் 3, இரண்டு பண்டிகைக் காலங்களுக்குப் பிறகு

ரிக்கோ ஜிஆர் 3 கேமரா 2019ஆம் ஆண்டு மார்ச் மாதம் கடைகளுக்கு வந்தது. அதைப் பற்றி எழுத வேண்டியவர்களெல்லாம் எழுதி முடித்து, அதன் அடுத்த தலைமுறையான ஜிஆர் 4 கேமராவும் 2025இல் வெளிவந்துவிட்ட பிறகு, பழையதைப் பற்றி எழுத நான் உட்கார்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. நான் படித்த மதிப்பீடுகள் அனைத்தும் அந்தக் கேமரா எந்த வேலைக்கு உதவும், எந்த வேலைக்கு உதவாது என்றே அளந்து பார்த்தன. சிங்கப்பூரில் 14 ஆண்டுகளாகத் திருமணப் படங்கள் எடுத்துப் பிழைக்கும் நான் இந்தக் கேமராவை ஒரு நாள்கூட வேலைக்குக் கொண்டுபோனதில்லை. வேலை இல்லாத நாள்களுக்காகவே வாங்கினேன், அந்த நாள்களில் மட்டுமே பயன்படுத்தியிருக்கிறேன். ஆகவே இந்த மதிப்பீட்டில் ஒரே கேள்விதான்: பண்டிகைக் காலத்தில் ஒரு புகைப்படக் கலைஞர் ஓய்வெடுக்க இது உதவுகிறதா?

எங்கள் தொழிலில் பண்டிகைக் காலம் என்பது ஒரு நாளோ ஒரு வாரமோ அன்று. சிராங்கூன் சாலையில் தீபாவளி விளக்குகள் ஏற்றப்படும்போதே அது தொடங்கிவிடுகிறது. புதுத்துணியில் குடும்பப் படம் கேட்பவர்கள், நிறுவனங்களின் தீபாவளி விருந்துகள், சமூக மன்றக் கொண்டாட்டங்கள் என்று ஒரு மாதம் போகும். அதன்பின் ஐப்பசியின் எஞ்சிய நாள்களிலும் கார்த்திகையிலும் முகூர்த்தங்கள் வரிசை கட்டி நிற்கும். டிசம்பர் நடுவில் மார்கழி பிறந்ததும், தமிழ்நாட்டில் இருக்கும் என் தொழில் நண்பர்கள் கேமராவைத் துடைத்து உள்ளே வைத்துவிட்டு ஒரு மாதம் தூங்குவார்கள். மார்கழியில் யாரும் கல்யாணம் வைப்பதில்லையே. இங்கே அந்தக் கொடுப்பினை இல்லை. இந்துத் திருமணங்கள் நின்றாலும் கிறிஸ்தவத் தமிழர்களின் தேவாலயத் திருமணங்கள் நடக்கும்; நிறுவனங்களின் ஆண்டிறுதி விருந்துகள் நடக்கும்; பள்ளி விடுமுறைக்கு வந்திருக்கும் தாத்தா பாட்டியை ஆர்ச்சர்ட் சாலை கிறிஸ்துமஸ் விளக்குகளுக்குக் கீழே நிறுத்திப் படம் எடுக்க வேண்டும் என்று அழைப்பவர்கள் இருப்பார்கள். தை பிறந்தால் வழி பிறக்கும் என்பார்கள். எங்களுக்குப் பிறப்பது அடுத்த சுற்று வேலை: பொங்கல், மறுபடியும் முகூர்த்தங்கள், பிறகு தைப்பூசம். 2025இல் தீபாவளி அக்டோபர் 20ஆம் தேதி வந்தது; அதை அடுத்த தைப்பூசம் 2026 பிப்ரவரி 1. இடையில் ஏறத்தாழ 15 வாரங்கள்.

வேலை நியமனச் சட்டத்தின் ஓய்வுநாள் விதி, அதற்கு உட்பட்ட ஊழியர்களுக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு தரச் சொல்கிறது. சுயதொழில் செய்பவருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. எனக்கு முதலாளி நான்தான். அவளைப் போல் இரக்கமில்லாதவளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

நான் வேலைக்குச் சுமந்து செல்வது சோனி ஏ7 மார்க் 4 கேமராக்கள் இரண்டு. ஒன்றில் 70-200 மில்லிமீட்டர் லென்ஸ், மற்றொன்றில் 24-70. முதலாவது லென்சும் கேமராவும் சேர்ந்து ஏறத்தாழ 1.7 கிலோ, இரண்டாவது 1.35 கிலோ. இந்த மூன்று கிலோவையும் தோளில் மாட்டிக்கொண்டு, விடியற்காலை மணப்பெண் அலங்காரத்தில் தொடங்கி, தாலி கட்டும் நொடியில் உறவினர்களின் கைபேசிகளுக்கு நடுவே எனக்கென்று ஒரு சாண் இடம் பிடித்து, இரவு வரவேற்பில் கடைசி விருந்தினர் மேடையை விட்டு இறங்கும்வரை நின்று, வீட்டுக்கு வந்தவுடன் படங்களை இரண்டு வன்தட்டுகளில் நகலெடுத்துவிட்டுத்தான் படுப்பேன். 2023 டிசம்பரில் வலது மணிக்கட்டு வீங்கியது. மருத்துவர் இரண்டு வாரம் கேமராவைத் தொடக்கூடாது என்றார்.

அந்த இரண்டு வாரத்தில்தான் எனக்கு ஓய்வெடுக்கத் தெரியாது என்பது எனக்கே தெரிந்தது. கை ஓய்ந்தது, கண் ஓயவில்லை. பேருந்து ஜன்னலில் வழியும் மழைநீருக்குப் பின்னால் சிக்னலின் சிவப்பு விளக்கு கலங்கித் தெரிந்தால், அதை எந்த ஓரத்தில் வைத்துச் சட்டமிடுவது என்று மனம் கணக்குப் போட்டது. சரி, கைபேசியிலாவது எடுப்போம் என்று அதை வெளியே எடுத்தால், திரையில் முதலில் தெரிவது வாடிக்கையாளரின் செய்தி: 'அக்கா, எங்க படம் எப்போ ரெடியாகும்?' அதற்குப் பதில் எழுதி, அதற்கு அவர் எழுதும் பதிலைப் படித்து முடிப்பதற்குள் பேருந்து மூன்று நிறுத்தம் தாண்டியிருக்கும். சிவப்பு விளக்கும் போயிருக்கும். இன்றைய கைபேசிகள் நல்ல வெளிச்சத்தில் எடுக்கும் படங்களில் பெரிய குறை ஏதும் சொல்வதற்கில்லை. ஆனால் என் அலுவலகம் முழுவதும் அந்தக் கைபேசிக்குள்தான் இருக்கிறது. அலுவலகத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு விடுமுறை எடுக்க முடியாது.

அடுத்த தீபாவளிக்கு வேறொரு வழியை முயன்று பார்த்தேன். 2024 அக்டோபர் 31, தீபாவளி மதிய விருந்துக்கு ஈசூனில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் போகும்போது, எனக்காகச் சில படங்கள் எடுக்கலாம் என்று வேலைக் கேமராக்களில் ஒன்றை மட்டும் கொண்டுபோனேன். காலணியைக் கழற்றுவதற்குள் அத்தை மகள் சொன்னாள்: 'அக்கா, கேமராவும் கையுமா வந்திருக்கீங்க, எல்லாரையும் நிக்க வச்சு அப்படியே ஒண்ணு எடுத்துடுங்களேன்.' அந்த 'ஒண்ணு' எப்படியெல்லாம் பெருகும் என்பதைத் தொழிலில் இருப்பவர்கள் அறிவார்கள். பெரியவர்கள் மட்டும், பிள்ளைகள் மட்டும், மாமா குடும்பம் தனியாக, மருமகன்கள் வரிசையாக, பாட்டியைச் சுற்றிப் பேரப்பிள்ளைகள், இப்போதுதான் வந்து சேர்ந்த சித்தப்பாவையும் சேர்த்து மறுபடி முதலிலிருந்து. ஆட்டிறைச்சிப் பிரட்டல் ஆறிப்போன பிறகு சாப்பிட்டேன். அடுத்த வாரம், சித்தியின் சேலை மடிப்பைக் கணினியில் கொஞ்சம் சரிசெய்து அனுப்ப முடியுமா என்று குடும்பக் குழுவில் கேட்டார்கள். அவர்கள்மேல் தவறில்லை. கையில் கரண்டியோடு நிற்பவரிடம் குழம்பு ஊற்றச் சொல்வது இயல்புதானே.

ஆகவே எனக்குத் தேவைப்பட்டது, பார்ப்பவர்கள் அதைக் 'கேமரா' என்று எண்ணாத ஒரு கேமரா. 2024 நவம்பரில் பெனின்சுலா ஷாப்பிங் சென்டரில் பழைய கேமராக்கள் விற்கும் ஒரு சிறு கடையில் ஜிஆர் 3ஐ எடுத்துப் பார்த்தேன். என்ன வேலைக்கு என்று கடைக்காரர் கேட்டார். வேலைக்கில்லை என்றேன். அப்படியென்றால் சரி என்று சிரித்தார். அதை முதலில் வாங்கியவர் ஜூம் இல்லை என்று சொல்லி ஒரே மாதத்தில் திருப்பிக் கொண்டுவந்து விற்றுவிட்டாராம்.

மின்கலமும் மெமரி கார்டும் சேர்த்து 257 கிராம். என்னுடைய 24-70 லென்சின் எடையில் பாதிகூட இல்லை. அகலம் 11 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. பையோடு தைத்த சுடிதாரில் எளிதாக அடங்குகிறது. (பெண்கள் உடையில் பை வைக்க மறுக்கும் தையல்காரர்களுடன் எனக்கு நெடுநாள் வழக்கு உண்டு, இந்தக் கேமரா வந்த பிறகு அதில் நான் வென்றுவிட்டேன்.) கறுப்பு நிறம், கூர்மையற்ற ஓரங்கள், நீட்டிக்கொண்டு நிற்கும் லென்ஸ் எதுவுமில்லை. பொத்தானை அழுத்தினால் ஒரு நொடிக்குள் லென்ஸ் வெளியே வந்து கேமரா தயாராகிவிடுகிறது. வேண்டிய விசைகள் எல்லாம் வலது கையின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் எட்டும் தூரத்தில் இருக்கின்றன. மற்றொரு கையில் தேநீர்க் குவளையோ பிள்ளையின் கையோ இருக்கலாம். ஓய்வு நாளுக்கான கேமராவில் நான் முதலில் பார்ப்பது இந்த ஒற்றைக்கைப் பழக்கத்தைத்தான்.

உள்ளே இருப்பது பொம்மையன்று. 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி சென்சர் (லென்ஸ் மாற்றக்கூடிய பல கேமராக்களில் இருக்கும் அளவு), அதன் முன்னால் எஃப் 2.8 அளவுக்குத் திறந்து ஒளியை உள்ளே விடும் 18.3 மில்லிமீட்டர் லென்ஸ். முழுச்சட்டக் கேமராவின் கணக்கில் சொன்னால் 28 மில்லிமீட்டர் அகலப் பார்வை. அது நிலையான லென்ஸ். கழற்றவும் முடியாது, ஜூம் செய்யவும் முடியாது. வேலையில் நான் பெரும்பாலும் 200 மில்லிமீட்டருக்குப் பின்னால் ஒளிந்துகொள்பவள். மணமகளின் தந்தை கண்ணைத் துடைப்பதை மண்டபத்தின் மறுமுனையிலிருந்து, அவர் அறியாமல் எடுத்துவிடுவேன். 28 மில்லிமீட்டரில் அது நடக்காது. முகம் வேண்டுமென்றால் இரண்டு முழ தூரத்துக்குப் போகவேண்டும், போனால் பேசவேண்டும், பேசினால் உட்காரவேண்டிவரும். தேக்கா சந்தையில் காய்கறி விற்கும் அம்மாவைப் பல ஆண்டுகளாக வணக்கத்தோடு கடந்து போயிருக்கிறேன். அவருடைய ஊர் எதுவென்று இந்தக் கேமரா வந்த பிறகுதான் கேட்டேன்.

இந்த வரிசைக் கேமராக்களுக்கே உரிய வசதி ஒன்று உண்டு. ஸ்னாப் ஃபோகஸ் என்பார்கள். ஃபோகஸ் தூரத்தை முன்கூட்டியே ஓர் அளவில் பூட்டிவைத்துவிடலாம். எஃப் 8 என்ற சிறிய திறப்பில், இரண்டரை மீட்டர் தூரத்தில் வைத்துவிட்டால், இவ்வளவு அகலமான லென்சில் ஏறத்தாழ 1.2 மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம் வரை எல்லாம் தெளிவாகவே விழும். கேமரா தேடாது, தடுமாறாது, சத்தமும் போடாது. விசையை ஒரே மூச்சில் அழுத்தினால் படம் விழுந்துவிடுகிறது. ஜப்பானிய வீதிப்படக் கலைஞர் தைதோ மொரியாமா ஜிஆர் கேமராக்களை விரும்பிப் பயன்படுத்துவதற்கான காரணம் முதல் வாரத்திலேயே எனக்கு விளங்கியது. வேலைக் கேமராவில் மணமகனின் எந்தக் கண்ணில் ஃபோகஸ் நிற்கிறது என்று நாள் முழுவதும் கவலைப்படுபவளுக்கு, அந்தக் கவலையையே தூரம் ஒன்றில் பூட்டிவைக்கலாம் என்பது, வெயிலில் நடந்து வந்தவளுக்கு யாரோ மோர் கொடுத்தது போல இருந்தது.

கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் இல்லாததைப் பலரும் இதன் பெருங்குறையாகச் சொல்வார்கள். நண்பகல் வெயிலில் திரையில் ஒன்றும் தெரிவதில்லை என்பது உண்மைதான். ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் பல படங்களை நான் குருட்டுக் கணக்கில்தான் எடுத்திருக்கிறேன். இருந்தும் எனக்கு இது குறையாகப் படவில்லை. கேமராவைக் கண்ணில் வைத்த மறுகணமே என் முதுகு நிமிர்கிறது, மூச்சு அடங்குகிறது, இடது கண் மூடிக்கொள்கிறது. 14 ஆண்டு வேலை உடம்புக்குள் வந்து உட்கார்ந்துவிடுகிறது. ஜிஆர் 3ஐ மார்பளவில் பிடித்துக்கொண்டு, எதிரில் இருப்பவரை இரண்டு கண்ணாலும் பார்த்தபடி படம் எடுக்கும்போது அது நடப்பதில்லை. முந்தைய ஜிஆர் 2இல் இருந்த ஃபிளாஷையும் இதில் நீக்கிவிட்டார்கள். 'ஃபிளாஷ்கூட இல்லையா?' என்று அத்தை மகள் உதட்டைப் பிதுக்கினாள். அந்தத் தீபாவளிக்குப் பிறகு என்னிடம் அவள் 'ஒண்ணு' கேட்கவேயில்லை.

மெமரி கார்டு இல்லாமலும் இந்தக் கேமரா இயங்கும். உள்ளேயே ஏறத்தாழ 2 ஜிபி நினைவகம் இருக்கிறது. சென்சர் பதிந்ததை அப்படியே வைக்கும் ரா கோப்பாக எடுத்தால் அதில் சில பத்துப் படங்கள்தாம் கொள்ளும், சுருக்கிய ஜேபெக்காக எடுத்தால் நூற்றுச் சில்லறை. அவசரத்துக்கு உதவட்டும் என்று வைத்திருக்கிறார்கள் போலும். நான் அதையே வழக்கமாக்கிக்கொண்டேன். ஓய்வு நாளில் கார்டைச் செருகுவதில்லை, ஜேபெக் மட்டும், இடம் நிறைந்தால் அன்றைக்குப் போதும். ஒரு திருமணத்தில் 2,500 முறை விசையை அழுத்தி, அவற்றிலிருந்து 600ஐப் பொறுக்கி, ஒவ்வொன்றின் நிறத்தையும் சரிசெய்து கொடுப்பவளுக்கு இந்தச் சிறுமைதான் பெரிய விடுதலை. ஜிஆர் 4இல் உள் நினைவகத்தை 53 ஜிபியாக உயர்த்தியிருக்கிறார்கள். மற்றவர்களுக்கு அது முன்னேற்றமாக இருக்கலாம். அதனாலேயே நான் பழையதை விடாமல் வைத்திருக்கிறேன்.

2024 டிசம்பரில் ஒரு திங்கள்கிழமை, வேலை எதுவும் ஒப்புக்கொள்ளாமல் புலாவ் உபினுக்குப் போனோம், நானும் என் கணவரும். சாங்கி பாயிண்ட் படகுத்துறையில் 12 பேர் சேர்ந்தால்தான் படகு புறப்படும். ஆளுக்கு நான்கு வெள்ளி. எங்களோடு சேர்ந்து ஏழு பேர்தான் இருந்தோம். மீதி ஐந்து பேர் வரட்டும் என்று காத்திருந்த அந்த நேரத்தில் நான் மூன்று முறை கடிகாரத்தைப் பார்த்தேன். கணவர் அதை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். தீவில் இறங்கிய சற்று நேரத்தில் வடகிழக்குப் பருவமழை கொட்டத் தொடங்கியது. ஜிஆர் 3க்கு மழையிலிருந்தும் தூசியிலிருந்தும் பாதுகாக்கும் காப்பு கிடையாது. வேலைக் கேமரா என்றால் மழையுறையைப் போட்டுக்கொண்டு எடுத்துக்கொண்டேதான் இருந்திருப்பேன். இதை நெகிழிப் பைக்குள் போட்டு மூடிவிட்டு, ஒரு கடையின் தகரக் கூரைக்குக் கீழே கோப்பி குடித்துக்கொண்டு ஒரு மணி நேரத்துக்குமேல் உட்கார்ந்திருந்தோம். வாடகை மிதிவண்டிகளின் இருக்கைகளில் நீர் தேங்கி, நிரம்பி, வழிந்து, மறுபடியும் தேங்கியது. மழை விட்ட பிறகு எடுத்த படங்கள் மூன்று. அவற்றில் ஒன்று இன்னும் எங்கள் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. வாடிக்கையாளர்கள் வந்தால் அது யார் எடுத்தது என்று கேட்கிறார்கள், நான் எடுத்தது போல இல்லையாம்.

இரவில் இது எப்படி என்பதை 2025 தீபாவளிக்கு முந்தைய இரவில் கேம்பல் லேனில் சோதித்தேன். அந்த இரவுக்கு அங்கு ஒருமுறை போனவர்களுக்கு நான் விவரிக்கத் தேவையில்லை. நேரமாக ஆகக் கூட்டம் இறுகும், விலை இறங்கும், பூக்கடைக்காரர்களின் தொண்டை கட்டும். எஃப் 2.8 திறப்பிலும், ஒளியுணர்வை ஐஎஸ்ஓ 3200க்கு உயர்த்தியபோதும் கடை விளக்குகளின் வெளிச்சமே போதுமானதாக இருந்தது. சென்சரையே அசைத்துக் கைநடுக்கத்தைச் சமன் செய்யும் அமைப்பு இருப்பதால், நிற்கும் பொருள்களை நொடியில் பதினைந்தில் ஒரு பங்கு வேகத்தில்கூடத் தெளிவாகப் பிடிக்க முடிந்தது. அகல் விளக்குகளின் அடுக்குகள், மாலைக் கடையில் தொங்கிய நூல்கண்டு, மருதாணி காயும்வரை கையை அசைக்காமல் நின்ற சிறுமி. பாசிட்டிவ் ஃபிலிம் என்ற நிறத்தெரிவு சாமந்தியின் மஞ்சளையும் ரோஜாவின் சிவப்பையும் கொஞ்சம் அழுத்திக் காட்டும். பழைய ஸ்லைடு படம் பார்த்தவர்களுக்கு அந்த அழுத்தம் பிடிக்கும். ஆனால் மங்கிய ஒளியில் தானியங்கி ஃபோகஸ் தயங்குகிறது, சில வேளைகளில் முன்னும் பின்னும் போய்வந்துவிட்டுக் கைவிரிக்கிறது. நகரும் பிள்ளைகளை அது பிடிக்கும் என்று நம்பவேண்டாம். அங்கேயும் ஸ்னாப் ஃபோகஸ்தான் கைகொடுத்தது, ஆனால் இருட்டில் எஃப் 8க்கு இடமில்லாததால் தூரத்தைக் கண்ணால் அளக்கப் பழகவேண்டியிருந்தது.

அங்கேதான், இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு நான் படம் எடுத்த மணப்பெண் ஒருத்தி கைக்குழந்தையோடு எதிரே வந்தாள். 'அக்கா, இன்னைக்கு யாருக்கு எடுக்குறீங்க?' என்றாள். யாருக்கும் இல்லையம்மா, சும்மா வந்தேன் என்றேன். என் தோளையும் இடுப்பையும் பார்த்துவிட்டு, 'கேமரா எங்கே?' என்றாள். அது என் உள்ளங்கையில்தான் இருந்தது. இந்தக் கேமராவுக்கு நான் தரக்கூடிய உயர்ந்த மதிப்பெண் அந்தக் கேள்விதான்.

குறைகளையும் சொல்லவேண்டும். நிறுவனத்தின் கணக்குப்படியே ஒரு மின்கலத்துக்கு ஏறத்தாழ 200 படங்கள்தாம். திரையை அடிக்கடி பார்ப்பவர்களுக்கு அதுவும் கிடைக்காது. யூஎஸ்பி-சி வழியாகக் கையடக்க மின்னேற்றியிலிருந்து மின்னேற்றலாம் என்பது ஓரளவு ஆறுதல். திரை மடங்காது, சாயாது. தரையோரக் கோலத்தை எடுக்கவேண்டுமென்றால் குனியத்தான் வேண்டும். காணொளி 1080பி அளவோடு நின்றுவிடுகிறது. காணொளிக்காக வாங்க நினைப்பவர்கள் வேறு கேமராவைப் பார்ப்பது நல்லது. பள்ளி ஆண்டு விழா மேடையில் நிற்கும் பிள்ளையைக் கடைசி வரிசையிலிருந்து எடுக்க விரும்பும் பெற்றோருக்கும் இது ஆகாது. 35, 50 மில்லிமீட்டர் பார்வைக்கு வெட்டித் தரும் வசதி இருந்தாலும், 50இல் மிஞ்சுவது 7 மெகாபிக்சல்தான். முகங்களை அதிகம் எடுப்பவர்களுக்கு 2021இல் வந்த ஜிஆர் 3எக்ஸ் பொருத்தமாக இருக்கும். அது 40 மில்லிமீட்டர் பார்வை. ஆனால் அதைக் கையில் எடுத்தால் நான் மறுபடியும் மணமக்களைத் தேடத் தொடங்கிவிடுவேன் என்ற பயத்தில் அதைத் தவிர்த்தேன்.

விலையைப் பற்றி என் கணவருக்கும் எனக்கும் இன்றுவரை உடன்பாடில்லை. நான் வாங்கிய நேரத்தில் புதிது ஆயிரம் வெள்ளிக்கு மேல். பழையதற்கும் விலை அதிகம் இறங்கவில்லை. 'ரெண்டு வேலையை வேண்டாம்னு சொல்லியிருந்தா அதே காசுக்கு ரெண்டு நாள் தூங்கியிருக்கலாமே' என்பது அவர் வாதம். கணக்கு சரிதான். ஆனால் திங்கள்கிழமைகள் எனக்கு அதற்கு முன்பும் இருந்தன. படுத்துக்கொண்டு, எடுக்காத படங்களை எண்ணிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். படம் எடுக்காமல் இருப்பதுதான் ஓய்வு என்று அவர் சொல்கிறார். என்னைக் களைக்கவைப்பது விசையை அழுத்துவதன்று. தாலி கட்டும் நொடி திரும்ப வராது என்பதும், அந்த நொடிக்காக இரண்டு குடும்பங்கள் என்னை நம்பியிருக்கின்றன என்பதும்தான். ஓய்வு நாளில் தவறவிட்ட படத்துக்காக யாரும் என்னைத் தொலைபேசியில் அழைப்பதில்லை.

இருப்பினும் கேமரா வாங்கியதாலேயே எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். முதல் பண்டிகைக் காலத்தில் மாட்டிக்கொண்டேன். உபின் படங்களை அன்றிரவே கணினிக்கு மாற்றி, படங்களைத் திருத்தும் லைட்ரூம் மென்பொருளில் திறந்து, நிழலைக் கொஞ்சம் உயர்த்தலாமே என்று தொடங்கியவள், அருகில் காத்திருந்த ஒரு வரவேற்பின் 400 படங்களையும் திறந்துவிட்டேன். மணி இரண்டு. அதன்பின்தான் ஜேபெக் மட்டும் என்பதும், லைட்ரூமில் திறப்பது தைப்பூசத்துக்குப் பிறகுதான் என்பதும் விதியாயின. சென்ற கார்த்திகையில் இன்னொரு சறுக்கல்: வரவேற்பு மேசை அலங்காரங்களை எடுக்க இந்தச் சிறியது உதவுமே என்று வேலைப் பைக்குள் வைத்துவிட்டேன். டாக்சி கீழே வந்து நின்ற பிறகு, மின்தூக்கியிலிருந்து திரும்பி ஓடிவந்து எடுத்து அலமாரியில் வைத்தேன். ஒருமுறை அது சம்பாதித்துவிட்டால், பிறகு அதுவும் அலுவலகத்தில் ஓர் ஆள்தான்.

பழையதாக வாங்க நினைப்பவர்களுக்கு ஒன்றிரண்டு செய்தி. கடையிலேயே கேமராவை எஃப் 16இல் வைத்து, ஃபோகஸைக் கலைத்துவிட்டு, வெள்ளைச் சுவரையோ வெளியே இருக்கும் வானத்தையோ ஒரு படம் எடுத்துத் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். லென்ஸைக் கழற்ற முடியாத கேமராவில் சென்சரில் தூசி படிந்தால் நாமே துடைக்க முடியாது. சாம்பல் நிறத்தில் மங்கிய புள்ளிகள் தெரிந்தால் வேறொன்றைக் காட்டச் சொல்லுங்கள். லென்ஸ் வெளியே வந்து உள்ளே போகும்போது முனகல் இல்லாமல் போகிறதா என்று காதை வைத்துக் கேளுங்கள். கூடுதலாக ஒரு மின்கலம் வாங்கிக்கொள்ளுங்கள். கடைக்காரர் மெமரி கார்டு ஒன்றையும் சேர்த்துத் தர வருவார். எனக்கும் தந்தார். அது இன்னும் உறை பிரிக்காமல் மேசை இழுப்பறையில் கிடக்கிறது.